பாலர் பள்ளியில் முதல் நாள்: பெற்றோர் அறிய வேண்டியவை



புதுக்கடை திறப்பதென்றால் நாம் எத்தனை நாள் முன்னதாகவே ஏற்பாடு செய்கிறோம்! இடம் பார்க்கிறோம், உரிமம் எடுக்கிறோம், அடுக்குச் சட்டங்கள் அடிக்கிறோம், சரக்குப் பிடிக்கிறோம், பக்கத்துக் கடைக்காரரிடம் சென்று முகமறிந்து கொள்கிறோம். திறப்பு நாளன்று எதுவும் குறைபடக் கூடாதே என்று இரவெல்லாம் உறங்காமல் கிடக்கிறோம். ஆனால் நாலைந்து வயதுக் குழந்தையைப் பாலர் பள்ளிக்கு முதன்முதலாக அனுப்பும் நாள் வரும்போது மட்டும், சீருடை வாங்கிவிட்டோம், கட்டணம் கட்டிவிட்டோம், இனி என்ன இருக்கிறது என்று வாளாவிருந்து விடுகிறோம். அன்று காலை பள்ளி வாசலில் குழந்தை வீறிட்டு அழுது, வாப்பாவின் கைலியையோ உம்மாவின் முக்காட்டையோ பிடித்த பிடி விடாமல் நிற்கும்போது, என்ன செய்வதென்று தெரியாமல் திகைக்கிறோம்.

நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்ட கடைக்காரர்கள். குழந்தை மனத்தைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சி செய்தவர்கள் அல்லோம். ஆயினும் இத்துறையில் அறிஞர்கள் கண்டுரைத்தவற்றையும், நம் மார்க்கம் கற்பித்துள்ளவற்றையும், ஜொகூரில் நம் குடும்பங்களின் நிலைமையையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், முதல் நாளைப் பற்றிய பாடம் முழுவதும் ஒரே வாக்கியத்தில் அடங்குவதைக் காணலாம். அஃதாவது, குழந்தையிடம் சொல்லிவிட்டுப் பிரிய வேண்டும். சொன்ன நேரத்தில் திரும்பி வர வேண்டும். மற்றவை யாவும் இதற்குத் துணை நிற்பவையே.

பாலர் பள்ளி என்பது யாது?

'தாடிக்கா' என்று நாம் நாள்தோறும் சொல்லும் சொல், 'தாமான் டிடிக்கான் கானாக்-கானாக்' என்ற மலாய்த் தொடரின் சுருக்கம். தாமான் என்றால் தோட்டம். ஜெர்மனியில் ஃபிரடெரிக் ஃபுரோபெல் என்ற ஆசிரியர் 1837-ஆம் ஆண்டில் சிறு குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். அதற்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அப்பெயரே மலாய்மொழியிலும் தோட்டமாக நிலைத்திருக்கிறது. செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுகிறவன் வேரோடு சிறிது தாய்மண்ணையும் சேர்த்தே எடுக்கிறான். முதல் சில நாள் நிழலும் நீரும் கொடுக்கிறான். நம் குழந்தைக்கும் அதே பக்குவந்தான் வேண்டும்.

மலேசியாவில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியை நாட்டின் கல்வி அமைப்பில் ஓர் உறுப்பாகச் சேர்த்தது. கல்வி அமைச்சு தேசியப் பள்ளிகளிலும் தமிழ், சீனப் பள்ளிகளிலும் பாலர் வகுப்புகளை நடத்துகிறது. கிராம வளர்ச்சித் துறையைச் சேர்ந்த கெமாஸ் நடத்துபவை உண்டு. ஒற்றுமைத் துறை நடத்துபவை உண்டு. தனியார் தாடிக்காக்களும் ஏராளம். அமைச்சின் பாலர் வகுப்பொன்றில் 25 பிள்ளைகள் வரை இருப்பர். அவர்களைக் கவனிக்க ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் உண்டு. அதாவது, முதல் நாளன்று பத்துப் பிள்ளைகள் ஒருசேர அழுதால், தேற்றுவதற்கு இரண்டு மடிகளே உள்ளன. இக்கணக்கை மனத்தில் வைத்துக் கொண்டால், ஆசிரியர் நம் பிள்ளையைக் கவனிக்கவில்லையே என்று வருந்த மாட்டோம். நம் பங்கு வேலையை வீட்டிலேயே முடித்து அனுப்ப வேண்டும் என்பதும் விளங்கும்.

நம் முன்னோர் வழக்கம்

இந்திய முஸ்லிம்களிடையே பலவிடங்களில், குழந்தைக்கு நாலு வயது, நாலு மாதம், நாலு நாள் ஆனதும் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கொடுத்து ஓத வைக்கும் வழக்கம் இருந்து வந்தது. அன்று வீட்டில் இனிப்பு வழங்குவர். உறவினர் கூடுவர். பின்னர் ஓதும் பள்ளிக்கு அழைத்துச் செல்வர். அங்கே ஓதிக் கொடுக்கும் லெப்பையும் அதே தெருக்காரர். குழந்தை முன்பே கண்டு பழகிய முகம். பக்கத்தில் அமர்ந்து ஓதுவது சொந்தக் காக்காவோ ராத்தாவோ, மாமி மகனோ. பேசுவது வீட்டில் பேசும் அதே தமிழ். ஆகவே குழந்தைக்குப் புதியது ஒன்றே ஒன்றுதான், அது பாடம்.

இன்று ஜொகூர் பாருவிலோ மூவாரிலோ பத்து பகாட்டிலோ நம் குழந்தை பாலர் பள்ளியில் கால் வைக்கும்போது, இடம் புதிது, முகங்கள் புதியவை, பல வேளைகளில் மொழியும் புதிது. தாயை விட்டுப் பிரிந்திருப்பதும் புதிது. நாலு புதுமைகளும் ஒரே காலை எட்டு மணிக்கு ஒன்றாக வந்து மோதுகின்றன. பெரியவர்களாகிய நாமே, ஊரிலிருந்து முதன்முதல் இந்நாட்டுக்கு வந்திறங்கிய நாளில், யாராவது ஊர்க்காரர் முகம் தென்படாதா என்று தேடியவர்கள்தாமே! ஆகவே முன்னோர் வழக்கத்திலிருந்து நாம் கற்கும் பாடம் இது: புதுமைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, பள்ளி திறக்குமுன்பே பழைமையாக்கி விட வேண்டும்.

குழந்தை ஏன் அழுகிறது?

அழுவது அடம் என்றும், செல்லம் கொடுத்ததன் விளைவு என்றும் நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நாலு வயதுக் குழந்தைக்கு மணிக்கணக்கு விளங்காது. 'பன்னிரண்டு மணிக்கு வருகிறேன்' என்றால் அதன் காதில் விழுவது 'போகிறேன்' என்ற சொல் மட்டுமே. போனவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை, பலமுறை போய்ப் பலமுறை திரும்பி வந்த பிறகே அதன் உள்ளத்தில் வேரூன்றுகிறது.

இத்தாலி நாட்டு மருத்துவ அம்மையார் மரியா மாண்டிசோரி 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைப் பகுதியில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். தாய் தந்தையர் இருவரும் கூலி வேலைக்குப் போய்விட, கேட்பாரற்றுத் திரிந்த ஐம்பது அறுபது பிள்ளைகளே அங்கு வந்தவர்கள். வந்த நாளில் அப்பிள்ளைகள் அழுத கண்ணும் மருண்ட பார்வையுமாக, வாய் திறக்கவும் அஞ்சி நின்றனர் என்று அம்மையார் பின்னர் எழுதியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற அப்பள்ளியின் முதல் நாளே அழுகையோடுதான் தொடங்கியது! பின்னர் அப்பிள்ளைகளைத் தேற்றியது எது? கைக்கு அடக்கமான பொருள்களைக் கொடுத்து, அடுக்கவும் கோக்கவும் ஊற்றவும் துடைக்கவும் விட்டதே. கைக்கு வேலை கிடைத்ததும் கண்ணீர் நின்றது. இவ்வம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். குழந்தையை ஆசிரியர் கையில் ஒப்படைக்கும்போது ஒரு வேலையிலும் ஒப்படைக்க வேண்டும் என்பது இவ்வரலாற்றால் நாம் அறிவது. கட்டைகளோ, வண்ணக் கோலோ, களிமண்ணோ எதையேனும் காட்டி, அதில் அதன் கை படிந்த பின் விடைபெறுவது எளிது.

குழந்தையின் அழுகையை இஸ்லாம் இலேசாக எண்ணவில்லை. நீண்ட தொழுகை நடத்த எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஒரு குழந்தை அழும் குரல் கேட்டதும், தாயின் உள்ளம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக் கொண்டார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளிலும் வந்துள்ள செய்தி. தொழுகையையே சுருக்கலாமெனில், கடை திறக்கும் நேரத்தைச் சிறிது தள்ளி வைப்பதில் நமக்கென்ன தடை?

அழாத பிள்ளையையும் கவனிக்க

இங்கே ஒரு முக்கியமான செய்தி. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-ஆம் ஆண்டு ஒரு படம் எடுத்து வெளியிட்டார். இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பெற்றோர் உடன் தங்க இயலாத நிலையில், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததை அப்படம் காட்டியது. அக்காலத்து மருத்துவமனைகளில், தாய் வந்து போனால் பிள்ளை மறுபடி அழுகிறது. ஆகவே வராமல் இருப்பதே நலம் என்று கருதி வந்தனர். ராபர்ட்சன் கண்டது வேறு. முதலில் பிள்ளை அழுது எதிர்க்கிறது. பின் நம்பிக்கை இழந்து சோர்ந்து அடங்குகிறது. அதன்பின் தாயே வந்தாலும் முகம் திருப்பிக் கொள்கிறது. நடுவிலே வந்த அடக்கத்தைத்தான் எல்லோரும் 'பழகிவிட்டது' என்று தவறாக எண்ணினர். இவரும் மற்றோரும் எடுத்துக் காட்டியதன் பயனாக, 1959-இல் அந்நாட்டு அரசின் குழு ஒன்று, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்க வழி செய்ய வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

நாலு மணி நேரப் பாலர் பள்ளி, எட்டு நாள் மருத்துவமனைக்கு ஈடாகாது. எனினும் பாடம் ஒன்றே. வாய்விட்டு அழும் பிள்ளை, தேற்ற வருவார் என்ற நம்பிக்கையோடு அழுகிறது. மூலையில் அமர்ந்து, உண்ணாமல், பேசாமல், விளையாடாமல் இருக்கும் பிள்ளையைக் கண்டு, 'நம் பிள்ளை நல்ல பிள்ளை, அழவே இல்லை' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அழுததா என்று கேட்பதை விட, உண்டதா, விளையாடியதா, யாரோடேனும் பேசியதா என்று ஆசிரியரைக் கேட்பதே அறிவுடைமை.

ஒரு மாதத்துக்கு முன் செய்ய வேண்டியவை

2026-ஆம் ஆண்டு முதல் பள்ளித் தவணை மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆகவே டிசம்பர் மாதமே முன்னேற்பாட்டுக்கு உரிய மாதம்.

முதலாவது, உறக்கம். நம் வீடுகளில் வாப்பா கடை அடைத்து வரும்வரை, பத்து பதினொரு மணியாயினும், பிள்ளை விழித்திருப்பது வழக்கம். தந்தையின் முகம் காண அதற்குக் கிடைக்கும் நேரம் அது ஒன்றே. ஆனால் பதினொரு மணிக்கு உறங்கிய பிள்ளையை ஆறு மணிக்கு எழுப்பினால், பள்ளிக்கு அனுப்புவது தூக்கக் கலக்கத்தையே. நாலு வாரம் முன்னதாகவே சிறிது சிறிதாக உறங்கும் நேரத்தை முன்னுக்குக் கொண்டு வருக. இரவில் இழந்த நேரத்தை வாப்பா காலையில் ஈடு செய்யலாம்.

இரண்டாவது, இடம். பள்ளிக்கு ஒருமுறை இருமுறை அழைத்துச் சென்று வாசல், வகுப்பு, கழிப்பறை, விளையாடும் திடல் ஆகியவற்றைக் காட்டி வருக. ஆசிரியர் முகத்தையும் ஒரு தடவை கண்டுவிட்டால், முதல் நாளில் ஒரு புதுமை குறைந்தது.

மூன்றாவது, கைப்பழக்கம். ஊட்டி ஊட்டியே வளர்ந்த பிள்ளை, பள்ளியில் தட்டு முன்னே உணவு இருந்தும் பட்டினி இருக்கும். தானே அள்ளி உண்ணவும், தண்ணீர்ப் புட்டியைத் திறந்து மூடவும், செருப்பும் சப்பாத்தும் மாட்டவும் பழக்குக. கயிறு கட்டும் சப்பாத்தை விட ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்தது நன்று. இழுவைப் பல்லோ பொத்தானோ உள்ள காற்சட்டையை விட, இடுப்பில் இழுபடும் நாடா வைத்ததே சிறு கைகளுக்கு எளிது. கழிப்பறைக்குப் போய்த் தானே கழுவிக் கொண்டு வரவும் கற்றிருக்க வேண்டும். அடக்கி வைத்து நனைத்துக் கொண்ட வெட்கத்தாலும் முதல் வாரத்தில் பிள்ளை அழக்கூடும். ஆகவே பையில் ஒரு மாற்றுடை எப்போதும் இருக்கட்டும். ஜனவரி ஜொகூரில் மழை விடாத காலம். நனைந்து வந்தாலும் அதே மாற்றுடை உதவும்.

நான்காவது, பெயர். வீட்டில் 'தம்பி' என்றும் 'சின்னவாப்பா' என்றும் 'கண்ணு' என்றும் அழைத்து வந்த பிள்ளையை, பள்ளியில் பதிவுப் பெயரால் அழைப்பர். முகம்மது என்று தொடங்கும் பெயர் ஒரே வகுப்பில் நாலைந்து இருக்கும். ஆகவே அடுத்த பெயரால் அழைப்பர். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நிற்கும் பிள்ளையை மந்தம் என்று எண்ணிவிட நேரும். பள்ளியில் வழங்கப்போகும் பெயரால் வீட்டிலேயே சிலநாள் அழைத்துப் பழக்குக.

ஐந்தாவது, சிறு பிரிவுகள். நன்னியிடமோ மாமியிடமோ அரை மணி, ஒரு மணி நேரம் பிள்ளையை விட்டு, 'போய் வருகிறேன்' என்று சொல்லிச் சென்று, சொன்னபடி திரும்பி வருக. ஜெர்மனியின் பெர்லின் நகரில் 1980-களில் வகுத்த ஒரு முறை இதையே பள்ளிக்குள் செய்கிறது. முதல் மூன்று நாள் தாயோ தந்தையோ குழந்தையோடு வகுப்பிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம் அமர்ந்திருந்து, சேர்ந்தே வீடு திரும்புவர். நாலாம் நாள்தான் விடைபெற்றுச் சிறிது நேரம் வெளியே போவர். அதுவும் அரை மணிக்கு மேற்படாது. குழந்தை தேறுவதைப் பார்த்து நேரத்தைக் கூட்டுவர். அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக எழுந்த முறை. நம் பள்ளிகளில் அவ்வளவு இடங்கொடுக்க இயலாமற் போகலாம். ஆயினும் முதல் வாரத்தில் எவ்வளவு நேரம் உடன் இருக்கலாம் என்று ஆசிரியரை முன்கூட்டியே கேட்டறிவதில் வெட்கமில்லை.

மொழி என்னும் கதவு

நம் குடும்பங்களுக்கே உரிய சங்கடம் இது. பிள்ளை வீட்டில் கேட்பது தமிழ். பள்ளியில் ஆசிரியர் பேசுவது பெரும்பாலும் மலாய். தமிழ்ப்பள்ளியோடு சேர்ந்த பாலர் வகுப்பாயின் தமிழும் ஒலிக்கும். மற்ற இடங்களில் தமிழறிந்த ஆசிரியர் வாய்ப்பது அரிது. தாகம், வயிற்று வலி, கழிப்பறை ஆகிய மூன்றையும் சொல்லத் தெரியாத பிள்ளை அழாமல் வேறென்ன செய்யும்?

மலாய்மொழி முழுவதும் கற்பிக்க வேண்டியதில்லை. ஐந்தாறு சொற்கள் போதும். ஆசிரியரைச் 'சிக்கு' என்று அழைக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக 'நாக் பெர்கி தண்டாஸ்'. தண்ணீர் குடிக்க 'நாக் மினும்'. வலித்தால் அவ்விடத்தைத் தொட்டுச் 'சாகிட்'. உதவிக்குத் 'தோலோங்'. நன்றி சொல்லத் 'தெரிமா காசே'. கடையில் வாடிக்கையாளர்களோடு நாள் முழுதும் மலாய் பேசும் வாப்பாதான் இதற்குத் தகுந்த ஆசிரியர். விளையாட்டாகவே, வாப்பா சிக்குவாகவும் பிள்ளை மாணாக்கனாகவும் இருந்து பத்து நாள் பழகினால் போதும்.

அதுபோலவே ஊரிலிருந்து வந்து மலாய் பழகாத உம்மாமார், பள்ளி வாசலில் ஆசிரியரிடம் பேச அஞ்சி, பிள்ளையை விட்டதும் விரைந்து திரும்பி விடுகின்றனர். தாயின் அச்சம் பிள்ளைக்கும் தொற்றும். முதல் நாளிலாவது வாப்பா உடன் சென்று, 'இவர் பிள்ளையின் தாயார், தமிழ்தான் பேசுவார், ஏதேனும் செய்தியிருந்தால் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று அறிமுகம் செய்து வைத்தல் கடமை. பிள்ளை வழக்கமாகச் சொல்லும் தமிழ்ச் சொற்கள் சிலவற்றை, பொருளோடு மலாய் எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தால் அவரும் மகிழ்வார்.

முதல் நாள் காலை

அவசரமின்றி எழுப்புக. சிறிதளவேனும் உண்ணக் கொடுக்க. 'பிஸ்மில்லாஹ்' சொல்லிப் புறப்படுக. பள்ளி வாசலில் நெடுநேரம் நிறுத்தி வைத்துப் படம் எடுப்பதை வீட்டிலேயே முடித்துக் கொள்க.

வகுப்பு வாசலில் செய்ய வேண்டியவை நாலு. பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து முகம் பார்க்க வேண்டும். எப்போது வருவோம் என்பதை அதற்கு விளங்கும் கணக்கில் சொல்ல வேண்டும். 'பன்னிரண்டு மணி' என்பதை விட, 'நீ சாப்பிட்டு, விளையாடி, பாட்டுப் பாடி முடித்ததும் வருவேன்' என்பது அதற்குப் புரியும். ஸலாம் சொல்லி, முத்தமிட்டு, ஆசிரியர் கையிலும் ஒரு வேலையிலும் ஒப்படைக்க வேண்டும். பின்னர் போக வேண்டும். போகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நிற்பதும், சன்னலோரம் எட்டி எட்டிப் பார்ப்பதும், ஆறி வரும் புண்ணைக் கீறுவது போலாம். முகம் தெரியுந்தோறும் அழுகை புதிதாகத் தொடங்கும்.

செய்யத் தகாதவற்றுள் தலையாயது, பிள்ளை வேறு பக்கம் பார்க்கும்போது நழுவி விடுவது. இது நம்மில் பலர் கைக்கொள்ளும் தந்திரம். அன்றைக்கு வாசலில் அழுகை இராது, உண்மைதான். ஆனால் திரும்பிப் பார்த்த பிள்ளை கற்றது என்ன? கண்ணை எடுத்தால் வாப்பா மறைந்து விடுவார் என்பதே. மறுநாள் முதல் கண்ணை எடுக்காது, கையை விடாது, இரவில் உறக்கத்திலும் திடுக்கிட்டு எழும்.

வணிகர்களாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? மொத்த வியாபாரி நமக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுப்பது எதை நம்பி? சொன்ன தேதியில் பணம் வந்து சேரும் என்ற நாணயத்தை நம்பித்தானே! ஒருமுறை சொல்லாமல் ஓடியவனுக்கு மறுமுறை ரொக்கம் வைத்தாலன்றிச் சரக்கு இல்லை. குழந்தையும் அவ்வாறே. அது தன் அச்சத்தையெல்லாம் நம் வாக்கை நம்பிக் கடனாக வைக்கிறது. சொன்ன நேரத்தில் நாம் வாசலில் நின்றால் அக்கணக்கு அன்றே நேராகிறது. பத்து நாள் தவறாமல் நேரானால் பதினொன்றாம் நாள் அது தானே கையசைத்து உள்ளே ஓடும்.

அபூதாவூத் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. ஒரு தாய் தம் சிறு மகனை, ஏதோ தருவதாகச் சொல்லி அருகே அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் தாய். ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது உம் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். குழந்தைக்குச் சொன்ன வாக்கும் வாக்கே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆகவே 'இதோ வந்து விடுகிறேன்' என்று சொல்லிவிட்டு நண்பகலில் வருவதும், 'அழாதே, சைக்கிள் வாங்கித் தருகிறேன்' என்று சொல்லி மறப்பதும் ஆகாது. 'அழுதால் சிக்கு அடிப்பார்' என்ற பயமுறுத்தல் அதனினும் கேடு. பிள்ளை அடைக்கலம் புக வேண்டிய ஒரே மடியை நாமே பூச்சாண்டியாக்கி விடுகிறோம்.

கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி

'இதெல்லாம் சரி, காலையில் கடை திறப்பது யார்? உணவகம் நடத்துகிறவனுக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பதுதானே வியாபாரமே!' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு மணி வீதம் ஐந்து நாளைக்கு ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தம்பியையோ மைத்துனரையோ கல்லாவில் அமர்த்த முடியாத கடை அரிது. வாராவாரம் மொத்தச் சந்தைக்குப் போக நேரம் ஒதுக்குகிறோம். பிள்ளையின் முதல் வாரம் வாழ்நாளில் ஒரே முறைதான் வருகிறது.

அதிகாலையிலேயே பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களில், பெற்றோர் இருவராலும் வாசலுக்கு வர இயலாதிருக்கலாம். அந்நிலையில் யார் கொண்டு விடுவாரோ, அவர் முதல் வாரம் முழுவதும் ஒருவராகவே இருக்கட்டும். இன்று நன்னா, நாளை மாமா, மறுநாள் வண்டிக்காரர் என்று மாறினால் பிள்ளை மனம் அலைபாயும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கடைகளில் வேலை செய்வோருக்கும் பிள்ளைகள் உண்டு. பிள்ளையின் முதல் நாளுக்காக ஒரு காலை விடுப்புக் கேட்க அவர்கள் தயங்குவர். முதலாளி முகம் சுளிப்பாரோ என்று அஞ்சுவர். அவர் கேட்குமுன் நாமே, 'தம்பி, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வாருங்கள்' என்று சொல்வோமானால், சம்பளத்தில் கூட்டிக் கொடுத்ததை விட அது பெரிது.

முதல் நாளுக்குப் பின்

சொன்ன நேரத்துக்குச் சிறிது முன்னதாகவே வாசலில் நிற்க. கடைசிப் பிள்ளையாக நம் பிள்ளை காத்திருக்கும்படி விடலாகாது. 1-1-2025 முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியிருப்பதால், வெள்ளிக்கிழமை பள்ளி நாளாகிவிட்டது. ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும் பரபரப்பில் பிள்ளையை அழைத்து வரும் நேரம் தவறிவிடக் கூடும். அதற்குரிய ஆளை வியாழன் இரவே முடிவு செய்து வைக்க.

வீட்டுக்கு வந்ததும், 'என்ன படித்தாய்?' என்று விசாரணை வேண்டாம். சோறு கொடுத்து, சற்று இளைப்பாற விட்டு, 'இன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்? என்ன விளையாடினாய்?' என்று கேட்டால் தானே கதை சொல்லும். பள்ளியில் அழாமல் இருந்த பிள்ளை வீட்டுக்கு வந்து அடம் பிடிப்பதும், விட்டுப்போன விரல் சூப்பும் பழக்கம் திரும்புவதும், இரவில் படுக்கை நனைப்பதும் சிலநாள் நேரக்கூடும். அடக்கி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் கொட்டுகிறது என்று பொறுத்துக் கொள்க.

திங்கட்கிழமை இரண்டாம் முதல் நாள் என்று அறிக. இரு நாள் வீட்டு மடியில் இருந்துவிட்டுப் போகும் பிள்ளை மறுபடி அழலாம். நீண்ட விடுமுறைக்குப் பின்னும், காய்ச்சலில் கிடந்து எழுந்த பின்னும், வீட்டில் புதுக் குழந்தை பிறந்த பின்னும் அவ்வாறே நேரும். அது பின்னடைவு அன்று. மீண்டும் அதே நாலு செயல்களைச் செய்க. பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரு வாரத்திலும், சில பிள்ளைகள் மேலும் சில வாரத்திலும் தேறிவிடும். பல வாரம் கடந்தும் உண்ணாமல், உறங்காமல், யாரோடும் பேசாமல் இருக்குமாயின் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுக. வேண்டுமாயின் கிளினிக்கில் குழந்தை மருத்துவரையும் கேட்க. யாரோ செய்த கேலியோ, கழிப்பறையின் இருட்டோ போன்ற சிறு காரணம் ஒன்று அடியில் கிடப்பதும் உண்டு.

வீட்டில் கலந்து பேசுவதற்கு

இப்பாடத்தைப் படித்து முடித்தவர்கள், பள்ளி திறக்குமுன் ஓரிரவு கணவனும் மனைவியும் அமர்ந்து கீழ்க்கண்டவற்றுக்கு விடை கண்டு வைப்பது நலம்.

1. முதல் வாரம் முழுவதும் பிள்ளையைக் கொண்டு விடுபவர் யார்? அழைத்து வருபவர் யார்?

2. அந்நேரத்தில் கடையைப் பார்த்துக் கொள்பவர் யார்?

3. தண்ணீர், கழிப்பறை, வலி ஆகிய மூன்றையும் ஆசிரியருக்கு விளங்கும் மொழியில் பிள்ளை சொல்லுமா?

4. பள்ளியில் வழங்கும் பெயரைச் சொல்லி அழைத்தால் பிள்ளை திரும்பிப் பார்க்குமா?

5. வாசலில் பிள்ளை அழுதால் நாம் இருவரும் சொல்லப்போகும் சொல் ஒன்றாக இருக்குமா? வாப்பா அதட்ட, உம்மா திரும்ப அழைத்து வர என்று இரு வேறாக இராதல்லவா?

இவ்வைந்துக்கும் விடை கிடைத்துவிட்டால் முதல் நாளுக்கு வேண்டிய சரக்கெல்லாம் வந்து இறங்கிவிட்டதென்றே கொள்ளலாம். எஞ்சியது, சொன்ன நேரத்தில் வாசலில் நிற்பது ஒன்றுதான்.

வல்ல அல்லாஹ் நம் குழந்தைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அவர்களுக்குக் கொடுத்த வாக்கைக் காக்கும் உறுதியை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.